சாதனைப் பட்டியலில் உங்கள் தாத்தாவின் பெயர் எங்கே?



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சிராங்கூன் ரோட்டில், தேக்கா சந்தைப் பக்கம் சாலையைக் கடக்கக் காத்து நின்றேன். எனக்கு அருகில் ஒரு தாயும் அவருடைய பத்து வயது மகனும். எங்களுக்கு முன்னால் நான்கைந்து கட்டுமானத் தொழிலாளர்கள், கையில் மளிகைப் பைகளோடு. பள்ளிப் பாடம் எதையோ மகன் முடிக்கவில்லை போலிருக்கிறது. அந்தத் தாய் முன்னால் நின்றவர்களைக் காட்டிச் சொன்னார்: "ஒழுங்காப் படிக்கலைன்னா இந்த அண்ணனுங்க மாதிரி வெயில்ல சிமெண்டு மூட்டைதான் தூக்கணும், பார்த்துக்க!"

அவர் சொன்னது தமிழில். முன்னால் நின்றவர்களும் தமிழர்கள்தான். ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் தாயைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. அவர் உடுத்தியிருந்தது ஒரு துப்புரவு நிறுவனத்தின் சீருடை. தான் படும் பாட்டைத் தன் பிள்ளை படக்கூடாது என்ற தவிப்புதான் அவரை அப்படிப் பேச வைத்தது. ஆனால் அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டிருப்பான்? உடல் உழைப்பு என்றால் தண்டனை என்று கற்றிருப்பான். முன்னால் நிற்கும் அண்ணன் தோற்றுப்போனவன் என்று கற்றிருப்பான். அப்படியானால் சீருடையோடு தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா யார்?

அதே வாரத்தில் என் கைப்பேசிக்கு ஒரு பட்டியல் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். "உலகை ஆளும் தமிழர்கள்" என்ற மாதிரி ஒரு தலைப்பு. கூகுள் நிறுவனத்தின் சுந்தர் பிச்சை, அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ், நம் அதிபர் தர்மன் சண்முகரத்னம் என்று வரிசையாகப் பெயர்கள். கடைசியில் "தமிழன் என்று சொல்லடா" பாணியில் ஒரு வரி. பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு கட்டளை!

அந்தத் தாயின் பேச்சும் இந்தப் பட்டியலும் ஒரே பாடத்தைத்தான் சொல்லித் தருகின்றன என்று எனக்குப் படுகிறது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பட்டியல் பொய்யல்ல

அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் சாதனை உண்மையானது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்னம்தான் இந்தக் குடியரசின் முதல் வெளியுறவு அமைச்சர். நம் பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966இல் எழுதியவர் அவர். எஸ்.ஆர். நாதன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவர். பின்னர் பல்கலைக்கழகம் வரை படித்து, 1956இல் மாலுமிகள் நல அதிகாரியாக இருந்து, 1999 முதல் 2011 வரை நாட்டின் அதிபராக விளங்கினார். 2023 செப்டம்பர் 1ஆம் தேதி நடந்த தேர்தலில் தர்மன் 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்று அதிபரானார். மக்கள்தொகையில் பெரும்பான்மையினர் சீனர்களாக உள்ள ஒரு நாட்டில் ஒரு தமிழருக்குக் கிடைத்த வாக்கு அது! பெருமைப்படத்தான் வேண்டும்.

ஆனால் நாம் ஏன் இப்படிப் பட்டியல் போடுகிறோம்? யாருக்குக் காட்டுவதற்காகப் போடுகிறோம்?

இது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் அல்ல. ஆப்பிரிக்காவின் நைஜீரியர்களைப் பாருங்கள். உலகெங்கும் பரவிக் கிடக்கும் அவர்களும் இதே போல் பட்டியல் போடுகிறார்கள். 2021இல் உலக வர்த்தக நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்மணியும் முதல் ஆப்பிரிக்கருமான இங்கோசி ஒகோஞ்சோ இவேலா நைஜீரியர். அமெரிக்க மருத்துவமனைகளிலும் பிரிட்டன் மருத்துவமனைகளிலும் நைஜீரிய மருத்துவர்களும் தாதியரும் நிறைந்திருக்கிறார்கள். இருந்தும் 'நைஜீரியர்' என்றவுடன் மோசடி மின்னஞ்சல்தான் பலருக்கும் நினைவு வருகிறது. அதனால்தான் அவர்கள் பட்டியலை எடுத்துக் காட்டுகிறார்கள்: 'எங்களை அப்படிப் பார்க்காதீர்கள், இதோ பாருங்கள் எங்கள் மருத்துவர், எங்கள் பேராசிரியர்' என்று.

நம் கதையும் அதுதான். வாடகை வீட்டு விளம்பரத்தில் 'இந்தியர்களுக்கு இல்லை' என்று போட்டிருந்ததை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். வேலை கேட்கப் போன இடத்தில் பெயரைப் பார்த்தே முகம் மாறியதை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். இனம், தேசியம் முதலியவற்றைக் காரணமாக வைத்து வேலையிடத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டமே 2025 ஜனவரியில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இழிவாகப் பார்க்கும் கண்ணுக்கு முன்னால் ஒரு கேடயம் போல நாம் அந்தப் பட்டியலைத் தூக்கிப் பிடிக்கிறோம்.

ஆனால் அந்தக் கேடயத்துக்குப் பின்னால் பத்துப் பேர்தான் நிற்க முடியும். மற்ற இலட்சம் பேர்? 'எங்களில் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஆகவே எங்களை மதியுங்கள்' என்று சொன்னால், படிக்காதவர்களை மதிக்க வேண்டியதில்லை என்று நாமே ஒப்புக்கொண்டது ஆகாதா? தெருவில் மகனுக்கு அந்தத் தாய் சொன்னதும் அதைத்தானே!

இஸ்தானாவைக் கட்டியது யார்?

2023 செப்டம்பர் 14ஆம் தேதி தர்மன் இஸ்தானாவில் பதவிப் பிரமாணம் எடுத்தார். அந்த மாளிகை 1867க்கும் 1869க்கும் இடையில் பிரிட்டிஷ் ஆளுநர் குடியிருக்கக் கட்டப்பட்டது. கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள்!

1825 முதல் 1873 வரை ஆங்கிலேயர்கள் இந்தியக் கைதிகளை இங்கே வைத்து வேலை வாங்கினார்கள். எல்லாரும் தமிழர்கள் அல்லர். சென்னை மாகாணத்தவரோடு வங்காளத்தவரும் பம்பாய்க்காரர்களும் இருந்தார்கள். பிராஸ் பாசாவில் அவர்களுக்கான சிறை இருந்தது. சதுப்பு நிலத்தைத் தூர்த்தவர்கள், சாலை போட்டவர்கள், செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியவர்கள் அவர்களே. அவர்களில் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்?

1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளையின் பெயரை அறிவோம். இங்கே செங்கல் சூளை தொடங்கியவர், சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில் எழக் காரணமானவர். 2019இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் அவருக்கும் சிலை வைத்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சூளையில் மண் மிதித்தவனுக்கும் கல் சுமந்தவனுக்கும் சிலை கிடையாது, பெயரும் கிடையாது.

சிராங்கூனையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்துக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். இங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன, மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. எருமை ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் மாட்டு வணிகத்தின் மிச்சம்தான். வீரமாகாளியம்மன் கோயிலைச் 'சுண்ணாம்புக் கம்பக் கோயில்' என்று அழைத்தவர்கள் அந்தக் காளவாயில் வேலை பார்த்த கூலிகள். பகலெல்லாம் சுண்ணாம்பில் கை வெந்தவர்கள் மாலையில் வந்து நின்ற சன்னிதி அது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் லிட்டில் இந்தியா அவர்களுடைய வியர்வையில் எழுந்தது. பி. கோவிந்தசாமிப் பிள்ளை போன்ற பெரும் வணிகர்கள் இந்தத் தெருவில்தான் உயர்ந்தார்கள். அவரும் தொடக்கத்தில் மளிகைக் கடையில் கூலிக்கு நின்றவர்தான்.

தமிழ் எப்படி இந்த நாட்டின் மொழியானது?

சிலர் கேட்பார்கள்: 'சரி, உழைத்தார்கள், கூலி வாங்கினார்கள். அதில் சாதனை எங்கே?' நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

ரயில் நிலையத்தில், பணத்தாளில், நாடாளுமன்றத்தில் தமிழ் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? 1965இல் நாடு தனித்து நின்றபோது மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள் என்று சட்டத்தில் எழுதப்பட்டது. மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு சமூகத்தின் மொழி அது. யாரோ ஒரு பெரிய மனிதர் இரக்கப்பட்டுக் கொடுத்ததா? இல்லை. அதற்கு முன்னால் முப்பது ஆண்டு வேலை இருக்கிறது.

திருவாரூரில் பிறந்து 1924இல் இங்கு வந்த கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார். அந்தப் பத்திரிகை யாரை நம்பி நடந்தது? துறைமுகத் தொழிலாளியையும் நகராட்சித் தொழிலாளியையும் தோட்டத் தொழிலாளியையும் நம்பித்தான். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. 1952இல் சாதி, மதம், ஊர் பாராமல் எல்லாரும் கூடும் 'தமிழர் திருநாள்' தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, அங்கே முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற விவாதம் எழுந்தது. இங்குள்ள இந்தியரில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுடைய மொழிக்குத்தான் இடம் வேண்டும் என்று முரசு முழங்கியது. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. வணிகர்கள் கொடுத்தார்கள், அவர்களோடு சாதாரணக் கூலித் தொழிலாளிகளும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். 1956இல் துறை வந்தது, தமிழ் இடம் பெற்றது. தன் பிள்ளையே அந்த வாசலை மிதிக்குமா என்று தெரியாத ஒருவன், நாளைக்கு யாரோ ஒரு தமிழ்ப் பிள்ளை படிக்கட்டும் என்று தன் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இதைவிடப் பெரிய சாதனை எது?

தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் உழைத்த தமிழ் முஸ்லிம்கள் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை நின்றது. பள்ளி மூடப்பட்ட பிறகும் அந்தப் பெயர் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது.

குடியுரிமையும் அப்படியே. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, 'ஊருக்குத் திரும்பிவிடுவோம்' என்று எண்ணிக் கொண்டிருந்த தமிழர்களிடம் சாரங்கபாணியும் அவரோடு இருந்தவர்களும் போய்ப் போய்ச் சொல்லிப் பதிய வைத்தார்கள். அந்தப் பெயர்ப் பதிவில் வரிசையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று வீவக வீட்டில் குடியிருந்து இதைப் படிக்கும் நீங்கள்.

ஆகவே, உறவுகளே, நம் சாதனைகளில் தலையாயது எது என்று கேட்டால் நான் எந்த ஒரு தனிமனிதரையும் சொல்ல மாட்டேன். கூலிக்கு வந்தவர்கள் குடிமக்களாகி, தங்கள் மொழியையும் நாட்டின் மொழியாக்கினார்களே, அதைத்தான் சொல்வேன். ராஜரத்னமும் நாதனும் தர்மனும் திறமைசாலிகள். ஆனால் ஒரு தமிழர் எந்தப் பதவிக்கும் வரலாம் என்ற நிலை இந்த மண்ணில் உண்டானதற்கு அந்தக் கூலிகளும் காரணம்.

இன்றைய கூலி யார்?

இப்போது மறுபடி தேக்காவுக்கு வாருங்கள். நாம் விட்டுவிட்டு வந்த வேலையை இன்று யார் செய்கிறார்கள்? தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் என்று நம் தாத்தாக்கள் வந்த அதே சீமைகளிலிருந்து வரும் தம்பிகள் செய்கிறார்கள். அவர்களோடு வங்கதேசத் தொழிலாளர்களும் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் 33 வயதுத் தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. வாகனங்களைக் கொளுத்தியதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நம் சமூகத்தில் பலர் முதலில் சொன்ன வார்த்தை என்ன? "அவங்க வேற, நாங்க வேற!" இறந்தவனுக்காக அழுதவர்களைவிட, நம் பெயர் கெட்டுவிட்டதே என்று பதறியவர்கள்தான் அதிகம்.

2020இல் கொரோனா வந்தபோது தங்கும் விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் அவர்கள். ஓர் அறையில் பலர் படுத்த அந்த விடுதிகளில், அவ்வாண்டு இறுதிக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று வந்துபோனது. 2022 ஜூனில் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. அப்போதும் ஞாயிற்றுக்கிழமையில் சிராங்கூன் வந்து ஒரு வேளை ஊர்ச் சாப்பாடு சாப்பிட அவர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. இன்றும் அவர்கள் வேலைக்குப் போவது லாரியின் பின்புறத்தில் உட்கார்ந்துதான். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் அப்படிப் போன லாரி மோதி இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். பொருள் ஏற்றும் வண்டியில் மனிதரை ஏற்றாதீர்கள் என்று கேட்பவர்களுக்கு, செலவும் நடைமுறைச் சிக்கலும்தான் பதிலாகக் கிடைக்கின்றன.

அதே தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 8ஆம் தேதி ரிவர் வேலி ரோட்டில் குழந்தைகள் இருந்த கடைவீட்டில் தீப்பிடித்தது. அருகில் வேலை செய்த தொழிலாளர்கள், அவர்களில் தமிழர்களும் உண்டு, ஏணியையும் சாரத்தையும் தூக்கிக்கொண்டு ஓடி, மூன்றாம் மாடியில் புகையில் தவித்த குழந்தைகளை இறக்கினார்கள். அதே ஆண்டு ஜூலை 26ஆம் தேதி தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து ஒரு கார் உள்ளே போனது. பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் இருந்த தமிழ் மேற்பார்வையாளரும் அவரோடு வேலை பார்த்தவர்களுமாக ஏழு பேர் கயிறு போட்டு அந்தப் பெண்மணியை மேலே இழுத்தார்கள். பொதுமக்கள் அவர்களுக்காக 70,000 வெள்ளிக்கு மேல் திரட்டினார்கள். அதிபர் தர்மன் அவர்களை இஸ்தானாவுக்கு அழைத்தார்.

கைதிகள் கட்டிய மாளிகைக்குள் கூலித் தொழிலாளர்கள் விருந்தினராகப் போனார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் ஒன்று கேட்கிறேன். மதிக்கப்படுவதற்கு ஒரு தொழிலாளி பள்ளத்தில் விழுந்தவரைத் தூக்கியிருக்க வேண்டுமா? தீக்குள் ஏறியிருக்க வேண்டுமா? அதற்கு முதல் நாள் அதே ஆள் லாரியில் போனபோது நாம் திரும்பிப் பார்த்தோமா?

நாம் என்ன செய்யலாம்?

'அப்படியானால் என் பிள்ளை படிக்க வேண்டாமா?' என்று கேட்காதீர்கள். நன்றாகப் படிக்கட்டும். மருத்துவராகட்டும், அமைச்சராகட்டும். ஆனால் 'படிக்கலைன்னா இவங்க மாதிரி' என்று சொல்லாதீர்கள். 'இவங்க மாதிரி ஒருத்தர்தான் உன் தாத்தா. அவர் சுமந்ததால்தான் நீ படிக்கிறாய்' என்று சொல்லுங்கள். படிக்கத் தூண்ட இது போதாதா?

வீட்டில் பெரியவர் உயிரோடு இருந்தால் இந்த ஞாயிறே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கப்பல், முதல் கூலி எவ்வளவு, எங்கே படுத்தார், எந்தச் சங்கத்தில் இருந்தார், எந்தக் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ காசு கொடுத்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கைப்பேசியில் பதிந்தாலும் சரி. அவர் போன பிறகு அதை எங்கேயும் வாங்க முடியாது.

அந்தப் பேச்சைத் தமிழில் பேசுங்கள். 2020 கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் இந்நாட்டு மக்களில் 2.5 விழுக்காடுதான். சட்டத்தில் எழுதியிருக்கும் மொழி வீட்டில் இல்லாமல் போனால், வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

தேக்காவில் பக்கத்தில் நிற்கும் தம்பியிடம் 'எந்த ஊரு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சம்பளம் வராமல், காயத்துக்கு மருத்துவம் கிடைக்காமல் தவிப்பவராக இருந்தால், உதவும் அமைப்புகளிடம் போக வழி காட்டுங்கள். லாரிப் பயணம் பற்றி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள். மக்களைச் சந்திக்கும் இரவு எல்லாருக்கும் உரியதுதானே! அந்தத் தம்பிக்கு இங்கே ஓட்டு இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

அடுத்த முறை அந்தப் பட்டியல் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அழிக்க வேண்டாம். கீழே ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். உங்கள் தாத்தாவின் பெயர், அவர் ஊர், அவர் பார்த்த வேலை. உங்கள் அம்மாவின் பெயர், அவர் உடுத்தும் சீருடை. அப்போதுதான் அது நம்முடைய பட்டியல்.

உழைத்தவரை மறவாத சமூகமே உரிமையைக் காக்கும்!